தனியொருவர்க்கு ஓர் அறை: யாழ்ப்பாணத்தில் வாடகைக் குடியிருப்பு – ஒரு வரலாற்று நோக்கு

யாழ்ப்பாணத்துச் சமூக வரலாற்றை ஆராய்ந்தோர் காணி, கோயில், கல்வி, சாதி, சீதனம் ஆகியவை பற்றி நிறையவே எழுதியுள்ளனர். வாடகைக் குடியிருப்பு அவ்வளவாக அவர்தம் கவனத்தை ஈர்க்கவில்லை. இதற்கான காரணம் ஊகிக்கத்தக்கதே. வாடகை வீட்டில் இருத்தல் என்பது இம்மண்ணில் நெடுங்காலமாக ஒரு தற்காலிக நிலையாகவும், ஓரளவு தாழ்வான நிலையாகவும் கருதப்பட்டு வந்தது. சொந்த வளவு இல்லாதவன் ஊரில் வேர் இல்லாதவன் என்ற எண்ணம் ஆழப் பதிந்திருந்தது. எனவே வாடகைக்கு இருப்போரின் வரலாறு எழுதப்படத்தக்க வரலாறாகத் தோன்றவில்லை.

ஆயின் இன்று திருநெல்வேலி, கொக்குவில், கோண்டாவில், கல்வியங்காடு ஆகிய இடங்களில் ஓர் அறையும், சமைப்பதற்குச் சிறு குசினியும், தனியான குளியலறையும் கொண்ட இருப்பிடமொன்றைத் தாங்கக்கூடிய வாடகைக்குத் தேடும் எவரும், இவ்வரலாற்றின் விளைவுகளையே எதிர்கொள்கின்றனர். 1981ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி யாழ்ப்பாண மாநகரசபை எல்லைக்குள் 118,224 பேர் வாழ்ந்தனர். 2012ஆம் ஆண்டு மதிப்பீட்டில் அத்தொகை 88,138 ஆகக் குறைந்திருந்தது. மக்கள் குறைந்த நகரில் அறை மலிந்திருக்க வேண்டும் என்றே பொதுவாக எண்ணத் தோன்றும். நடைமுறை அவ்வாறில்லை. பூட்டிய வீடுகள் பலவற்றுக்கு நடுவே அறை தேடி அலைபவர் பலர் உள்ளனர். இம்முரண்பாடு எவ்வாறு உருவாயிற்று என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. வளவும் வீடும் திருமணமும்

யாழ்ப்பாணத்தவரின் ஆதன உறவுகளை விளங்கிக்கொள்வதற்குத் தேசவழமையே முதன்மையான ஆவணமாகும். ஒல்லாந்தர் ஆட்சியில், 1706–1707 காலப்பகுதியில், கிளாஸ் ஐசாக்சு என்னும் அதிகாரி இங்கு நிலவிய வழமைகளைத் தொகுத்தார். அத்தொகுப்பு தமிழில் மொழிபெயர்க்கப்பட்டு, முதலியார் பன்னிருவரின் பார்வைக்கு விடப்பட்டது. பின்னர் பிரித்தானியர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தின் மூலம் அதற்குச் சட்ட வலுவை அளித்தனர்.

தேசவழமை ஆதனத்தை முதுசம், சீதனம், தேடியதேட்டம் என வகுத்து நோக்குகின்றது. முதுசம் வழிவழி வந்தது. சீதனம் பெண்ணுக்குத் திருமணத்தின்போது வழங்கப்படுவது. தேடியதேட்டம் திருமண வாழ்வில் ஈட்டப்படுவது. இம்மூன்றும் குடும்பத்தின் ஊடாகவே ஆதனம் அசைவதைக் காட்டுகின்றன. சீதனமாகப் பெற்ற வீட்டில் மணமக்கள் குடிபுகுதல் யாழ்ப்பாணத்தில் பெருவழக்கு. ஆகவே பெண்பிள்ளைகள் உள்ள குடும்பம் தன் வாழ்நாள் உழைப்பை ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒவ்வொரு வீடு கட்டுவதிலேயே செலவிட்டது. வளவு பிரிக்கப்பட்டது, பிரித்த துண்டில் இன்னொரு வீடு எழுந்தது. வீடு ஒன்றின் தொகை, அறைகளின் எண்ணிக்கை, கிணற்றின் பங்கு ஆகியவை அனைத்தும் திருமணப் பேச்சின் கூறுகளாயின.

இதிலிருந்து இரு விளைவுகள் பிறந்தன. ஒன்று, வீடு என்பது வருமானம் தரும் முதலீடாக அன்றி, மகளுக்குக் கையளிக்கப்படும்வரை காத்து வைக்கப்படும் பொருளாக அமைந்தது. அதனை அந்நியருக்கு விட்டால் தேவையான வேளையில் மீளப் பெற இயலுமா என்ற ஐயம் எப்பொழுதும் இருந்தது. மற்றையது, வீட்டின் அமைப்பே குடும்பத்தை மனத்திற்கொண்டு உருவானது. நாற்சார் வீடாயினும், மண் சுவரும் ஓலைக் கூரையும் கொண்ட சிறு வீடாயினும், அறைகள் நடுமுற்றத்தையோ விறாந்தையையோ நோக்கியே திறந்தன. அடுக்களையும் கிணற்றடியும் அனைவருக்கும் பொதுவாயிருந்தன. தனக்கென ஒரு வாசலும் ஓர் அடுப்பும் கொண்ட ஓரறை இருப்பிடம் இவ்வமைப்பில் இடம்பெறவில்லை. தனியே வாழும் ஆள் என ஒருவரை அச்சமூகம் கற்பனை செய்யவில்லை என்பதே இதன் பொருள்.

ஊர்விட்டு ஊர் வந்து படிப்போர் அக்காலத்தில் இல்லாமலில்லை. அவர்கள் பாடசாலை விடுதிகளில் தங்கினர். அன்றேல் மாமன் வீட்டிலோ பெரியம்மா வீட்டிலோ 'நின்று படித்தனர்'. 'நின்று படித்தல்' என்னும் இத்தொடர் யாழ்ப்பாணப் பேச்சில் தனிப்பொருள் உடையது. அதற்கு வாடகை இல்லை. தோட்டத்திற்கு நீர் இறைத்தல், சிறுவர்க்குப் பாடம் சொல்லிக் கொடுத்தல், கடைக்குச் சென்று வருதல் போன்ற உதவிகளே கைம்மாறாக அமைந்தன. உறவு உள்ளவர்க்கு இடம் கிடைத்தது. உறவு இல்லாதவர்க்கு இடமளிக்கும் நிறுவனம் எதுவும் உருவாகவில்லை.

2. ஒற்றி: வாடகைக்கு அயலான ஒரு வழமை

வாடகைக்கு அருகில் வரும் மரபுவழி ஏற்பாடொன்று உண்டெனில் அது ஒற்றியே. பணம் தேவைப்படும் காணிக்காரர் தம் காணியை ஒருவரிடம் கையளித்துத் தொகையொன்றைப் பெறுவார். பணம் கொடுத்தவர் வட்டிக்குப் பதிலாகக் காணியின் விளைவை அனுபவிப்பார். தொகையைத் திருப்பிச் செலுத்தியதும் காணி உரியவரிடம் மீளும். காணியை மீட்க விரும்புபவர் பயிர்க்காலத்தைக் கருதி உரிய வேளையில் முன்னறிவித்தல் கொடுக்க வேண்டும் என்பதையும் தேசவழமை எடுத்துரைக்கின்றது. உழைத்தவனின் விளைச்சல் வீணாகக்கூடாது என்ற நியாயம் அதனுள் அடங்கியுள்ளது.

தமிழ்நாட்டில் வீட்டையே 'ஒத்திக்கு' விடும் வழக்கம் இன்றும் நிலவுகின்றது. குடியிருப்பவர் ஒரு பெருந்தொகையைக் கொடுத்துவிட்டு மாத வாடகையின்றி வாழ்கின்றார். வெளியேறும்போது முழுத்தொகையையும் மீளப் பெறுகின்றார். தென்கொரியாவில் 'சொன்சே' எனப்படும் வீட்டு ஏற்பாடும் இதனையொத்ததே. இவ்வொற்றுமை கவனிக்கத்தக்கது. ஆனால் ஒற்றி முதல் உடையவர்க்கே பயன்படும். கையில் பெருந்தொகை இல்லாத மாணவருக்கோ, மாதச் சம்பளத்தை மட்டும் நம்பிய கடைச் சிப்பந்திக்கோ அது உதவாது. மாதந்தோறும் சிறுதொகை செலுத்திக் குடியிருக்கும் முறை யாழ்ப்பாணத்தின் கிராமங்களிலிருந்து அன்றி, அதன் பட்டினத்திலிருந்தே பரவிற்று எனலாம்.

3. பட்டினமும் சமறியும்

1619இல் யாழ்ப்பாண அரசு போர்த்துக்கேயர் வசமாகியதும், ஆட்சி மையம் நல்லூரிலிருந்து கடலோரப் பட்டினத்திற்கு நகர்ந்தது. 1658இல் அதனைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் ஐங்கோணக் கோட்டையை அமைத்தனர். கோட்டைக்குக் கிழக்கே பிரதான வீதியும் குறுக்குத் தெருக்களுமாக ஒழுங்குபட அமைந்த குடியிருப்பு இக்காலனித்துவப் பட்டினத்தின் எச்சமாகும். வேலியும் படலையுமாய் உள்ளொடுங்கிய கிராமத்து வளவுக்கு மாறாக, இங்கு வீடுகள் தெருவை நோக்கி நின்றன. குசினி, யன்னல், கதிரை, அலுமாரி ஆகிய போர்த்துக்கேயச் சொற்கள் நம் வீட்டுக்குள் நுழைந்தவாறே, மாத வாடகை என்னும் பழக்கமும் பட்டினத்தினூடாகவே நம்மிடம் வந்திருத்தல் கூடும். பிரித்தானியர் காலத்தில் கச்சேரி, நீதிமன்றம், வைத்தியசாலை ஆகியவற்றிற்கு மாற்றலாகி வந்த உத்தியோகத்தர்க்கு வீடுகள் தேவைப்பட்டன. எனினும் இத்தேவை பட்டினத்தைச் சூழ்ந்த சிறு வட்டத்துள் அடங்கிற்று.

யாழ்ப்பாணத்தவர் பெருந்தொகையாக வாடகைக் குடிகளாக மாறியது யாழ்ப்பாணத்திலன்று, கொழும்பிலேயாகும். 1905இல் வடக்குப் புகையிரதப் பாதை கொழும்புடன் முழுமையாக இணைந்தது. ஆங்கிலக் கல்வி கற்ற இளைஞர் எழுதுவினைஞர்களாகவும் ஆசிரியர்களாகவும் தெற்கே சென்றனர். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை ஆகிய பகுதிகளில் மணமாகாத உத்தியோகத்தர் பலர் கூடி வீடொன்றை வாடகைக்கு எடுத்து, சமையற்காரர் ஒருவரை அமர்த்தி, செலவைப் பங்கிட்டு வாழ்ந்தனர். இவ்வேற்பாடே 'சமறி' எனப்பட்டது. ஊரிலிருந்து வேலை தேடி வரும் இளைஞன் முதலில் வந்து இறங்குவதும் சமறியிலேயே. ஓர் ஊரவர், ஒரு பாடசாலையின் பழைய மாணவர் என்னும் உறவுகள் அதனைப் பிணைத்தன.

இங்கு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. கொழும்பில் வாடகை வீட்டில் வாழ்ந்த அதே உத்தியோகத்தர், தம் சேமிப்பைக் கொண்டு யாழ்ப்பாணத்தில் கல்வீடு கட்டினார். மலாயா சென்று ஓய்வூதியத்துடன் திரும்பியோரும் அவ்வாறே செய்தனர். வெளியூரில் குடிக்கூலிக்காரராகவும் உள்ளூரில் வளவுக்காரராகவும் வாழ்ந்த இவ்விரட்டை நிலை ஏறத்தாழ மூன்று தலைமுறைகள் நீடித்தது. வாடகைக் குடியின் இடர்களை யாழ்ப்பாணம் நன்கறிந்திருந்தது. ஆனால் அவ்வறிவு கொழும்பிலேயே தங்கிவிட்டது. ஊருக்குத் திரும்பியவர் வீட்டுக்காரராகவே திரும்பினார். 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் கொழும்பிலிருந்த வாடகைக் குடிகளை மீண்டும் மீண்டும் வடக்கே துரத்தியபோது, 'சொந்த ஊரில் சொந்த வீடு' என்ற பற்று மேலும் இறுகிற்று. அது வெறும் பழமைப் பற்றன்று. அனுபவம் கற்பித்த பாதுகாப்புணர்வுமாகும்.

4. வாடகைச் சட்டங்களும் அவற்றின் எதிர்விளைவும்

வாடகையைச் சட்டத்தால் கட்டுப்படுத்தும் எண்ணம் போர்களின் விளைவாகும். 1915இல் கிளாஸ்கோ நகரில் வாடகை உயர்வை எதிர்த்துத் தொழிலாளர் குடும்பங்கள், குறிப்பாகப் பெண்கள், வாடகை கொடுக்க மறுத்துப் போராடினர். அதே ஆண்டில் பிரித்தானியா வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தை இயற்றியது. இலங்கையில் இரண்டாம் உலகப் போரின்போது 1942ஆம் ஆண்டின் 60ஆம் இலக்க வாடகைக் கட்டுப்பாட்டுக் கட்டளைச்சட்டம் வந்தது. சுதந்திரத்தின் பின்னர் 1948ஆம் ஆண்டின் 29ஆம் இலக்கச் சட்டமும், ஐக்கிய முன்னணி ஆட்சியில் 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டமும் அதனைத் தொடர்ந்தன. 1973ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க வீட்டுடைமை உச்சவரம்புச் சட்டம் ஒருவர் வைத்திருக்கக்கூடிய வீடுகளின் எண்ணிக்கைக்கும் எல்லை விதித்தது.

இச்சட்டங்களின் நோக்கம் நேர்மையானது. வாடகை மனம்போல் உயர்த்தப்படாது தடுக்கப்பட்டது. தக்க காரணமின்றிக் குடியிருப்பாளரை வெளியேற்ற இயலாதவாறு காப்பு அளிக்கப்பட்டது. பிணக்குகளை விசாரிக்க வாடகைச் சபைகள் அமைந்தன. கொழும்பின் தோட்டக் குடியிருப்புகளிலும் தொடர் வீடுகளிலும் வாழ்ந்த ஏழைகள் பலர் இவற்றால் காக்கப்பட்டனர். அதேவேளை, மகளின் திருமணத்திற்கென வீட்டைக் கட்டி வைத்திருந்த யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இச்சட்டம் வேறொரு பாடத்தைக் கற்பித்தது. 'வாடகைக்கு விட்டால் ஆளை எழுப்ப முடியாது' என்ற அச்சம் பரவிற்று. வழக்குகள் ஆண்டுக்கணக்கில் இழுபட்டமை அதற்கு வலுவூட்டிற்று. விளைவாகப் பலர் வீட்டைப் பூட்டி வைத்தனர். அல்லது எழுத்தில் எதனையும் வைக்காமல் தெரிந்தவருக்கு மட்டும் விட்டனர். எழுத்தும் பற்றுச்சீட்டும் அற்ற வாடகை உறவு இவ்வாறே வழக்கமாயிற்று. காக்க வந்த சட்டம், தன் எல்லைக்கு வெளியே ஒரு சந்தையை உருவாக்கிற்று.

1980ஆம் ஆண்டின் 55ஆம் இலக்கத் திருத்தச் சட்டம், அதன்பின் புதிதாகக் கட்டப்படும் வதிவிடங்களை இக்கட்டுப்பாட்டிலிருந்து பொதுவாக விடுவித்தது. ஆயினும் அச்சம் சட்டத்தோடு சேர்ந்து நீங்கிவிடவில்லை. இன்றும் அறை வாடகைக்கு விடுவோர் பலர் உடன்படிக்கை எழுதத் தயங்குவதற்கு அந்தப் பழைய அச்சமும் ஒரு காரணமெனக் கருத இடமுண்டு.

5. 1974: திருநெல்வேலியின் திருப்பம்

1974 ஆகஸ்ட் முதலாந் திகதி, இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் உருவாக்கப்பட்டது. சேர் பொன்னம்பலம் இராமநாதன் 1921இல் நிறுவிய பரமேசுவராக் கல்லூரியின் திருநெல்வேலிக் கட்டடங்களே அதன் இருப்பிடமாயின. பேராசிரியர் க. கைலாசபதி அதன் முதற் தலைவரானார். 1979இலிருந்து அது தனிப் பல்கலைக்கழகமாக இயங்கத் தொடங்கிற்று; பேராசிரியர் சு. வித்தியானந்தன் முதற் துணைவேந்தராகப் பணியாற்றினார்.

வாடகைக் குடியிருப்பின் வரலாற்றில் இந்நிகழ்வின் முக்கியத்துவம் போதிய அளவு உணரப்படவில்லை. வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் விளைந்த செம்மண் தோட்டங்களின் நடுவே, ஊரோடு உறவு எதுவுமற்ற இளைஞர் கூட்டமொன்று முதன்முறையாக நிரந்தரத் தேவையாக வந்து சேர்ந்தது. மன்னார், வவுனியா, முல்லைத்தீவு, மட்டக்களப்பு, திருகோணமலை, மலையகம் ஆகிய இடங்களிலிருந்து வந்தோர்க்கு நின்று படிப்பதற்கு இங்கு மாமன் வீடு இல்லை. விடுதி இடமும் அனைவருக்கும் போதவில்லை. ஆகவே வீட்டுக்காரர் முன் விறாந்தையை அடைத்து அறையாக்கினர். பக்கத்தில் பத்தி இறக்கினர். பின்னர் மாடி எழுப்பினர். இராமநாதன் வீதி, பலாலி வீதி ஆகியவற்றை அண்டிய ஒழுங்கைகள் எங்கும் இம்மாற்றத்தின் படிகளை இன்றும் காணலாம்.

இவ்வருமானம் பல குடும்பங்களைத் தாங்கிற்று என்பதை மறுத்தலாகாது. கணவனை இழந்த பெண்கள், ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், பிள்ளைகளைப் படிப்பிக்க வேண்டியிருந்த சிறு தோட்டக்காரர் ஆகியோருக்கு அறை வாடகை ஓர் ஆதாரமாயிற்று. பிற்காலத்தில் வெளிநாட்டுக்குப் பிள்ளைகளை அனுப்பிவிட்டுத் தனித்துப் போன முதியோர்க்கு மாணவர் துணையாகவும் இருந்தனர். வீட்டுக்காரரைக் கொடியவராகவும் குடியிருப்பவரை அப்பாவியாகவும் சித்திரிப்பது வரலாற்றுக்குப் பொருந்தாது. ஆயின் அடிப்படை அமைப்பு மாறவில்லை. அறை விடப்பட்டதேயன்றி, தனி இருப்பிடம் விடப்படவில்லை. கிணற்றடி பொது; மலசலகூடம் பொது; இரவில் படலை பூட்டும் நேரம் வீட்டுக்காரரின் விருப்பம்; அடுப்பு மூட்ட அனுமதி கிடைத்தாலும் மச்சம் சமைக்கத் தடை. வாடகை செலுத்துபவர் சட்டத்தின் பார்வையில் குடியிருப்பாளராயினும், வீட்டின் பார்வையில் விருந்தாளிக்கும் வேலையாளுக்கும் இடைப்பட்ட ஒருவராகவே இருந்தார்.

6. போரும் இடப்பெயர்வும்

1983க்குப் பிந்திய கால் நூற்றாண்டு யாழ்ப்பாணத்தவர் பெரும்பாலானோரை எக்காலத்திலாவது ஒருமுறை பிறர் வீட்டில் குடியிருக்கச் செய்தது. 1990 யூனில் போர் மீண்டும் தொடங்கியபோது வலிகாமம் வடக்கு மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர். அவர்களது காணிகள் உயர் பாதுகாப்பு வலயமாயின. அதே ஆண்டு ஒக்டோபர் இறுதியில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் சில மணி நேர அவகாசத்தில் வெளியேற்றப்பட்டனர். சோனகத் தெரு வெறுமையுற்றது. 1995 ஒக்டோபர் 30ஆந் திகதி வலிகாமம் முழுவதும் பெயர்ந்து தென்மராட்சி நோக்கி நடந்தது. 1996இல் பலர் திரும்பினர். பலர் வன்னிக்கோ வெளிநாட்டிற்கோ சென்றனர்.

வலிகாமம் வடக்கிலிருந்து பெயர்ந்தோர் நலன்புரி நிலையங்களிலும் வாடகை வீடுகளிலும் ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தனர். ஒரே குடும்பம் பத்து, பன்னிரண்டு தடவை வீடு மாறியமையை முதியோர் எவரிடமும் கேட்டறியலாம். சொந்த வளவை உடையவரே வாடகைக் குடியாக நேர்ந்த இவ்வனுபவம், வாடகைக் குடியிருப்பைத் தாழ்வாக நோக்கும் மனப்பாங்கை மாற்றியிருக்க வேண்டும். ஓரளவு மாற்றிற்று எனவும் கூறலாம். ஆனால் அதனை ஓர் அவலமாகவே மக்கள் நினைவிற் கொண்டனர். போர் முடிந்ததும் ஒவ்வொருவரும் நாடியது 'எங்கட வீடு' என்ற ஒன்றையே. இது இயல்பானதும் நியாயமானதுமாகும்.

மறுபுறம், புலம்பெயர்ந்தோரின் வீடுகள் இருந்தன. 1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச்சட்டத்தின்படி, உரிமையாளருக்கு மாறான உடைமையுடன் பத்தாண்டுகள் இடையறாது ஆண்டு வந்தவர் அக்காணிக்கு உரிமை கோரலாம். வாடகைக்கு இருப்பவர் அவ்வாறு எளிதில் உரிமை கோர முடியாது எனினும், கனடாவிலோ இலண்டனிலோ இருந்த உரிமையாளருக்கு இந்நுணுக்கம் ஆறுதல் தரவில்லை. போரினால் தம் காணியை அணுக இயலாதிருந்தோருக்கு நிவாரணமாக 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சிறப்பேற்பாடுகள் சட்டம் 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிலிருந்து விலக்க வழிசெய்தது. எனினும் பூட்டி வைத்தலே பாதுகாப்பு என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. உறவினர் ஒருவர் வாரமொருமுறை முற்றம் கூட்ட, மாவிலும் பலாவிலும் காய்கள் விழுந்து அழுக, வீடுகள் ஆளின்றி நிற்கின்றன. உறுதி ஒருவர் பேரில், பிரிபடாத பங்கு ஐவர் பேரில், அவ்வைவரும் நான்கு நாடுகளில் என்றால் அவ்வீட்டை வாடகைக்கு விடும் முடிவை எடுப்பவர் யார்?

7. 2009இன் பின்னர்

ஏ-9 பாதை பொதுமக்களுக்குத் திறக்கப்பட்டதும் வங்கிகளும் காப்புறுதி, குத்தகை நிறுவனங்களும் வந்தன. 2014 ஒக்டோபரில் புகையிரதம் மீண்டும் யாழ்ப்பாணம் வந்தது. தெற்கிலிருந்து ஊழியர் வந்தனர். 1977இல் இங்கிருந்து நீங்கிய சிங்கள மாணவரின் இடத்தில் புதிய சிங்கள மாணவத் தலைமுறையொன்றும் வந்து சேர்ந்தது. நல்லூர்க் கந்தனின் 25 நாள் திருவிழாவிற்கு வெளிநாட்டிலிருந்து வருவோர்க்கு நாள் வாடகைக்கு அறை விடுதல், மாணவர்க்கு மாத வாடகைக்கு விடுதலிலும் ஆதாயமாயிற்று. 2022ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடி சீமெந்து, கம்பி ஆகியவற்றின் விலைகளை உயர்த்த, புதிதாகக் கட்டுவோர் அச்செலவை வாடகையிற் சேர்த்தனர். மகாபொல உதவித்தொகை 2025ஆம் ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் 5,000 ரூபாவிலிருந்து 7,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. அறையும் சாப்பாடும் பயணமும் அதற்குள் அடங்கமாட்டா என்பதை மாணவர் எவரும் அறிவர்.

அரசின் வீடமைப்புக் கொள்கையோ தொடர்ந்து சொந்த வீட்டையே நோக்கிற்று. போருக்குப்பின் இந்திய உதவியுடன் வடக்கிலும் கிழக்கிலும் 46,000 வீடுகளை அமைத்த திட்டமும் காணியுடைய குடும்பத்திற்கே வீடு என்ற அடிப்படையிற்றான் இயங்கிற்று. வீடிழந்த பல்லாயிரம் குடும்பங்களுக்கு அது பேருதவி. ஆனால் காணியற்றவர், தனித்து வாழ்பவர், வேலைக்காகவும் படிப்புக்காகவும் இடம்பெயர்ந்தவர் ஆகியோர் அதன் பார்வைக்குள் வரவில்லை. தேசவழமை கண்ட குடும்பத்தையே நவீன அரசும் கண்டது. இதனை வேறொரு நகரின் வரலாற்றுடன் ஒப்பிடலாம். முதலாம் உலகப் போரின் பின் வறுமையில் வாடிய வியன்னா நகரசபை, 1923க்கும் 1934க்கும் இடையில் 60,000க்கும் மேற்பட்ட வாடகை இருப்பிடங்களைத் தானே கட்டிக் குறைந்த வாடகைக்கு விட்டது. அவற்றுள் ஓர் அறையும் சமையலறையும் கொண்ட சிறிய இருப்பிடங்களும் பல. வாடகைக்கு இருத்தல் இழிவன்று, அதுவும் குடியுரிமையின் ஒரு வடிவம் என்ற கருத்து அங்கே கட்டடமாக எழுந்தது.

8. யாருக்கு அறை?

வாடகைத் தொகை ஒரு தடையெனின், அதற்கு முன்னரே நிற்கும் தடை ஒன்றுண்டு. அறை தேடிப் படலையடியில் நிற்கும் மாணவரிடம் கேட்கப்படும் முதற் கேள்வி எவ்வளவு தருவீர் என்பதன்று. "தம்பி எவடம்?" என்பதே. ஊரின் பெயரைச் சொன்னால் "ஊரில எந்தப் பக்கம்?", "எந்தக் கோயிலடி?" எனக் கேள்விகள் தொடரும். இவை அன்பான விசாரிப்பாகவும் இருக்கலாம். ஆனால் இவ்வினாக்களின் வழியே சாதி அறியப்படுகின்றது என்பதை யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவரும் அறிவர். விடை திருப்தி தராவிடின் "அறை நேற்றுத்தான் போய்விட்டது" என்னும் பதில் வரும். சக மாணவர் சிலருக்காகவும் எனக்காகவும் அறை தேடிய நாட்களில் இப்பதிலை நான் பலமுறை கேட்டிருக்கின்றேன்.

1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் கடை, உணவகம், பாடசாலை, வணக்கத்தலம் முதலிய பொது இடங்களை நோக்கியது. 1968இல் மாவிட்டபுரத்தில் நடந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் கோயிற் கதவை நோக்கியது. தேநீர்க் கடையும் கோயிலும் திறந்த பின்னரும் வாடகை அறையின் படலை அரைக்கதவாகவே நிற்கின்றது. மலையகத்திலிருந்து வரும் மாணவர், முஸ்லிம் மாணவர் ஆகியோரின் அனுபவமும் இதனின்று வேறுபட்டதன்று. பெண்பிள்ளைகள் தனியே இருப்பிடம் தேடும்போது இன்னொரு விசாரணை சேர்ந்துகொள்கின்றது: யார் வந்து போவார், எத்தனை மணிக்குத் திரும்புவார், ஏன் விடுதியில் இல்லை என்பன அவற்றுள் அடங்கும். வீட்டுக்காரரும் தம் வீட்டினுள் யார் வாழ்வதென்று தெரிவுசெய்ய உரிமை கோருகின்றனர். தம் குசினியையும் கிணற்றையும் பகிர வேண்டிய நிலையிலேயே அக்கோரிக்கை வலுப்பெறுகின்றது. தனி வாசலும் தனிக் குழாயும் கொண்ட இருப்பிடமாயின் அவ்வுரிமைக் கோரிக்கையின் நியாயம் பெரிதும் தளரும். ஓரறை இருப்பிடம் வெறும் வசதிப் பிரச்சினையன்று. அது சமத்துவப் பிரச்சினையும் ஆகும் என நான் கருதுவது இதனாலேயே.

9. முடிவாக

கட்டடங்களைப் பெருக்குவது மட்டும் தீர்வாகாது. யாழ்ப்பாணத்தின் நீர் சுண்ணாம்புக்கல் அடுக்கில் தேங்கும் நிலத்தடி நீரே. முன்னோர் கிணற்றை வளவின் ஒரு மூலையிலும் மலசலகூடத்தை மறு மூலையிலும் வைத்தனர். இரண்டு பரப்புக் காணியில் இருபது பேருக்கு அறை கட்டினால் அவ்விடைவெளி மறைகின்றது. குழியின் கழிவு கிணற்றைச் சேர்கின்றது. ஆகவே பரவிய அறைகளிலும், முறையான கழிவகற்றலுடன் கூடிய சிறு தொடர்மாடிகளே இம்மண்ணுக்குத் தகும். அவற்றைத் தனியார் இலாபத்திற்கு மட்டும் விட்டுவிடாது, பல்கலைக்கழகமும் மாநகரசபையும் நல்லூர்ப் பிரதேச சபையும் கூடி முயல வேண்டும்.

அதுவரை செலவின்றிச் செய்யத்தக்கன மூன்றுண்டு. பல்கலைக்கழகம் தன் சூழலிலுள்ள வாடகை அறைகளின் பதிவேடொன்றை வைத்திருக்கலாம்; அதிற் சேர்வோர் ஊரும் சாதியும் சமயமும் வினவாது அறை விட உடன்பட வேண்டும். காலமும் தொகையும் முன்னறிவித்தலும் குறித்த எளிய தமிழ் உடன்படிக்கை மாதிரியொன்றைச் சட்டத்துறை மாணவர் ஆக்கி வழங்கலாம். எழுத்து இருபாலாரின் அச்சத்தையும் குறைக்கும். புலம்பெயர்ந்தோரின் பூட்டிய வீடுகளைக் குறித்த காலத்திற்குப் பொறுப்பேற்று, பழுதுபார்த்து, வாடகைக்கு விட்டு, கேட்கும்போது மீளக் கையளிக்கும் கூட்டுறவுச் சங்கமொன்றையும் அமைக்கலாம். கூட்டுறவு இயக்கத்தில் நீண்ட பழக்கமுடைய யாழ்ப்பாணத்திற்கு இது புதிய பாதையன்று.

பயிர் செய்தவனின் விளைச்சல் முடியும்வரை காணியை மீட்பவன் காத்திருக்க வேண்டும் என்று நம் பழைய வழமை கூறிற்று. காணி ஒருவருடையதாயினும் அதில் உழைத்து வாழ்பவர்க்கும் ஒரு நியாயம் உண்டு என்பதை அது ஏற்றிருந்தது. அந்நியாயத்தை வாடகைக்கு வாழும் மாணவருக்கும் தொழிலாளருக்கும் விரிப்பது மரபுக்கு மாறானதன்று. கொழும்பில் மூன்று தலைமுறை வாடகைக் குடிகளாய் வாழ்ந்து, போரில் பிறர் விறாந்தைகளில் உறங்கி எழுந்த ஒரு சமூகம், தன் படலைக்கு வெளியே நிற்பவரின் நிலையை அறியாதது அன்று. அறிந்ததைச் செயலாக்குவதே எஞ்சியுள்ள பணியாகும்.